மலை ஆபீசில் துளை மிஷின்

மலாயாவில் அவசரகாலம் என்று சர்க்கார் பேர் வைத்த அந்த வருஷங்களில் என் பிழைப்பு நத்தை வேகத்தில் போனது. கம்போங் ராஜாவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி, ஆபீஸ் கணக்கு எழுதுகிறவன். பிள்ளைத்தாய்ச்சியான மனைவி மலைக்குக் கீழே தாப்பா டவுனில், அவள் அம்மா வீட்டில். மலைச்சாலையில் நினைத்தபடி இறங்க முடியாது. போலீஸ் காவலோடு லாரிகள் வரிசையாகப் போகும். துரை கையெழுத்துப் போட்ட பாஸ் இருந்தால் அதில் தொற்றிக்கொள்ளலாம். பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. ஆபீசுக்குப் பின்னால் இருந்த என் அறையில் பேச்சுத்துணைக்கு ஒரு நாதி கிடையாது.

காட்டில் பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று எல்லாருக்கும் அளந்து கொடுத்த காலம் அது. யாருக்கு எவ்வளவு என்ற தாள்களை இரண்டு இரும்புக் கம்பிகளில் கோத்து ஆபீசில் வைக்க வேண்டும். போலீஸ் வந்து புரட்டிப் பார்க்கும். அதற்குத் துளை போட துரை ஒரு மிஷின் வரவழைத்தார். தாளை நீட்டினால் போதும், கரண்டில் தானே இறங்கிக் குத்தும். குத்தவும் செய்தது. ஒரு சமயம் ஓரத்தில், ஒரு சமயம் நடுவில், சில சமயம் துளையே விழாமல் காகிதத்தைப் பிய்த்துத் துப்பியது. எலி கூட அதைவிட ஒழுங்காகக் கடிக்கும்.

பிரசவம் நெருங்கியதும் துரையிடம் லீவு கேட்டேன்.

“முதல்ல மிஷின் சரி பண்ணு. அப்புறம் நீ தாப்பா போலாம்,” என்றார் தனக்குத் தெரிந்த தோட்டத் தமிழில்.

அன்றிலிருந்து அந்த இரும்புக்கு மாப்பிள்ளை உபசாரம் செய்தேன். எண்ணெய் விட்டேன், அடியில் சேர்ந்த காகிதப் பொட்டுகளைக் கொட்டினேன், தாளை நிறுத்தும் தகட்டைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தேன். அது மசியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஒரு நாள் அதை ஓங்கி அறைந்தேன்; கைதான் வீங்கியது.

சாயங்காலங்களில் ஊரடங்குக்கு முன்னால் ஃபாக்டரியில் தேயிலை காயவைக்கும் அறைக்குப் போய் நிற்பேன். அங்கே சூடு இருந்தது, மனிதக் குரல் இருந்தது. சும்மா போனால் பெரிய கிராணி முறைப்பார் என்று கையில் ஒரு தாள்கட்டை எடுத்துப் போவேன். அடுப்பு பார்க்கிறவர் சிரிப்பார்.

“என்ன கிராணி, காயிதத்தையும் காய வைக்கிறீங்களா? டீ மாதிரி வெலைக்குப் போகுமா லா?”

அப்படி விளையாட்டாகச் சூடு வாங்கிய கட்டை மறுநாள் மிஷினில் கொடுத்தேன். துளைகள் அச்சு அசலாக ஓரிடத்தில் விழுந்தன. மலைப்பனியில் தாள் ஊறிப்போய், ஒன்றோடொன்று ஒட்டி வழுக்கியதுதான் இத்தனை நாள் கோளாறு. சந்தோஷத்தில் அடுத்த கட்டை அடுப்புக்கு ரொம்பக் கிட்டத்தில் வைத்து அப்பளமாக்கினேன். அது சுருண்டுகொண்டு மறுபடி கோணலாகத் துளை வாங்கியது. அப்புறம்தான் நிதானம் பிடிபட்டது. காயவைத்த தாளைக் கொஞ்ச நேரம் ஆறவிட வேண்டும். சீட்டுக்கட்டைப் போல விசிறி, மேஜையில் தட்டி ஓரம் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும். கழிவுத்தாளில் ஒரு குத்து பார்க்காமல் நல்ல தாளைத் தொடக் கூடாது. டவுனில் முஸ்லிம் காக்கா கடை ரொட்டி சுற்றி வந்த மெழுகுத்தாளை இடையிடையே குத்தவிட்டால் ஊசிகள் சிக்காமல் இறங்கின.

துரையை அழைத்து ஓட்டிக் காட்டினேன். கட்டு கட்டாகக் கம்பியில் இறங்கியதைப் பார்த்து அவர் என் தோளில் தட்டினார். நான் கையெழுத்துக்குப் பாஸை நீட்டினேன். துணிப்பை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தேன்.

“நல்லா ஓடுது. ஆனா உன் கையிலதான் ஓடுது. நீ போனா யார் பார்ப்பா? அடுத்த மாசம் பேசலாம்,” என்றார்.

பெரிய கிராணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கெட்ட மிஷினாக இருந்திருந்தால் கெஞ்சியாவது போயிருப்பேன். நானே தேய்த்துத் துடைத்து என் காலில் விலங்கை மாட்டிக்கொண்டேன்.

பக்கத்து ஊரான திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றும் லாரிக்காரர் ஒரு காலையில் ஆபீஸ் வாசலில் நிறுத்தி, இறங்காமலேயே கத்தினார்.

“கிராணி, பொண்ணு பொறந்திருக்கு! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.”

“யார் ஜாடை?”

“நான் எங்க பார்த்தேன்? வாசல்லயே சொல்லி அனுப்பிட்டாங்க. லேட்டாச்சு லா, வரிசை போயிரும்.”

லாரி போன பிறகும் அங்கேயே நின்றேன். உள்ளே வந்து அடுத்த கட்டை விசிறினேன்.

அடுத்த மாசம் என்பது பல தடவை வந்து போனது. ஒருவழியாகப் பாஸ் கிடைத்து நான் தாப்பா வீட்டு வாசலில் நின்றபோது, என் மகள் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தாள். குனிந்து கையை நீட்டினேன். யாரோ வேற்று ஆள் என்று வீறிட்டு அழுதபடி அம்மாவிடம் வேகமாகத் தவழ்ந்து போனாள்.