கொடி எழுத்தும் பூட்டிய பீரோவும்

ஏலப்பாறைக் கடைத்தெருவில் பூபதிராஜாவின் அச்சகத்தில் ரிஜின் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து நான்கு வருடம் ஆகிறது. அவன் பிறந்த எஸ்டேட் லயத்தில், அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசையில், டிகிரி வாங்கிய முதல் ஆள் அவன்தான். மழைக்கு லயத்துக் கூரை ஒழுகும் என்று அப்பா சூசையப்பனே அந்த சர்ட்டிபிகேட்டைக் கொண்டுவந்து, "உங்க இரும்புப் பீரோல இருக்கட்டும் அண்ணாச்சி, நனையாது" என்று முதலாளியிடம் ஒப்படைத்திருந்தார்.

இப்போது கஞ்சிக்கோட்டில் அட்டைப்பெட்டி கம்பெனியில் டிசைனர் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டோடு வரச் சொல்லியிருந்தார்கள்.

"கல்யாண சீசன் முடியட்டும்லே, தாறேன்," என்றார் பூபதிராஜா, அவன் சர்ட்டிபிகேட்டைக் கேட்டபோது. "உன்ன விட்டா கொடி எழுத்து எவனுக்கு வருது?"

கல்யாண கார்டில் மாப்பிள்ளை, பெண் பெயருக்குப் போடும் ஆங்கில எழுத்துருவுக்கு ஊரில் அதுதான் பெயர். பேனாவை எடுக்காமல் எழுதியதுபோல் ஓர் எழுத்து அடுத்ததன் கையைப் பிடித்துக்கொண்டு ஓடும். பெயருக்கு முதல் எழுத்து மட்டும் கேபிடலில் பெரிதாக இருக்கும். ரிஜின் அதன் வாலை நீட்டி அடுத்த பெயரின் தலைமேல் சுற்றி விடுவான். தேதிக்கும் நேரத்துக்கும் மட்டும் நேரான எழுத்து. அந்தக் கொடி எழுத்துக்காகவே கட்டப்பனையிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். ஆட்கள் வர வர முதலாளியின் பீரோப் பூட்டும் இறுகியது.

வியாழக்கிழமை அவன் லயத்துச் செபமாலையம்மாள் தன் மகள் டின்டுவின் கல்யாண கார்டுக்கு வந்தாள்.

"எல்லாத்தையும் பெரிய எழுத்தாப் போடுய்யா. ஒத்த மக."

வேறு நாளாக இருந்தால் மறுத்திருப்பான். அந்த எழுத்துருவில் பெரிய எழுத்துகளை மட்டும் அடுக்கினால் சுழியும் வாலும் சிக்கி யார் பெயரென்றே தெரியாது. அன்று சரி என்று தலையாட்டினான். கார்டு கெட்டால் முதலாளியே விரட்டுவார், சர்ட்டிபிகேட்டும் கைக்கு வரும். பெயர், கோயில், பூசை நேரம், பந்தி எல்லாவற்றையும் கொடியாக்கி, எல்லாவற்றையும் பெரிதாக்கி அச்சுக்கு அனுப்பினான்.

சனிக்கிழமை செபமாலையம்மாள் நான்கு பெண்களோடு படியேறினாள். திட்டு வாங்கத் தயாராக ரிஜின் எழுந்து நின்றான்.

பூபதிராஜா கார்டைத் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, ஒரு எழுத்தாவது வாசிக்க முடியுதா?"

"வாசிக்கதுக்கு எதுக்கு அண்ணாச்சி? எந்தக் கோயில், என்னைக்குன்னு எங்க லயத்துல யாருக்குத் தெரியாது? சொல்லிட்டுத்தான கார்டே குடுக்கோம்." அவள் சிரித்தாள். "எஸ்டேட்டு மானேஜரு பொஞ்சாதி வாங்கி ஷோகேஸ்ல வச்சுட்டாங்க. இவளுகளுக்கும் இதே மாதிரி வேணுமாம்."

"சித்தி, அது நான் தப்பாப் போட்டது," என்றான் ரிஜின்.

"அடக்கத்தப் பாருங்கடி," என்றாள் பின்னால் நின்றவள்.

"அண்ணாச்சி, திங்கக்கிழமை..." என்று முதலாளியிடம் திரும்பினான் ரிஜின்.

"பேசுவோம்லே. மொதல்ல இவங்க பேர எழுது." பூபதிராஜா பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, வந்தவர்களுக்கு டீ சொல்ல வெளியே போனார்.

ரிஜின் உட்கார்ந்தான். "பொண்ணு பேரு?"

"மௌனிகா," என்றாள் முதல் பெண். "பெருசாப் போடு."