நாய் தின்ற அடிப்பட்டை

திலனாவுத் என்ற பெயரை, நான் இந்தக் கரைக்கு வாழ வந்த மறுநாள், மான் மேய்க்கும் எட்டுவ்கி போட்ட கூச்சலில்தான் முதலில் கேட்டேன். திலனாவுத் என் ஓரகத்திக்கு அக்கா. திமிங்கலத் தாடையெலும்பைச் செதுக்கி, பனிவண்டி வழுக்கி ஓட அதன் அடியில் பொருத்தும் அடிப்பட்டை செய்வாள். அதைக் கொடுத்துத்தான் பிள்ளைகளின் குளிருடுப்புக்கு மான்தோல் வாங்குவாள்.

"ஏ திலனாவுத், வெளிய வா! உன் பட்டைய என் நாயிங்க தின்னுட்டுதுங்க. வண்டிக்குப் பட்டை செஞ்சியா, நாய்க்கு விருந்து வச்சியா?"

எலும்பில் உள்ள எண்ணெய் வடிய இரண்டு கோடையாவது அது வெளியில் கிடக்க வேண்டும்; இல்லாவிட்டால் அந்த வாசனைக்கே நாய்கள் கடித்துத் தின்றுவிடும். குளிர் வருமுன் பிள்ளைகளுக்கு உடுப்பு வேண்டுமே என்று பயந்து, இவள் புது எலும்பையே செதுக்கியிருந்தாள்.

"என் தோலத் திருப்பிக் குடு."

"தச்சாச்சுய்யா. புள்ளைங்க போட்டுக்கிட்டு நிக்குது. உரிச்சிக்கிறியா?"

எட்டுவ்கி தலையைச் சொறிந்தான். திலனாவுத் தன் வீட்டின்மேல் ஏறினாள். மண் மூடிய கூரையைத் தாங்கிய தாடையெலும்பு அவள் மாமனார் காலத்தது, நன்றாகக் காய்ந்தது. அதை உருவியதும் கூரை மண்ணோடு சரிந்தது. அதிலேயே புதுப்பட்டை செதுக்கிக் கொடுத்தாள். நாய்கள் முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போயின.

அன்று பிள்ளைகளோடு தங்கை வீட்டுக்குப் போனவள், இன்றும் அங்கேதான் இருக்கிறாள்.