நான்காம் மேசைப் பூனை

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவி பூனைக்கூடைக்குள் தன் பழைய நைட்டியை மடித்து விரித்துக்கொண்டிருந்தாள்.

"ஊசி போடுவாங்களா?"

"ஊசியெல்லாம் இல்ல. நெஞ்சுல ஜெல் தடவி ஸ்கேன் எடுத்துப் பழகுவாங்க. டாக்டருங்களுக்கு கிளாஸ் லா."

"படிச்சுத்தானே டாக்டர் ஆனாங்க? இன்னும் என்ன கிளாஸ்?"

அதற்குள் பூனை தானாகவே கூடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதன் குணம் அப்படி. "ஒரு முடிகூடப் போகக்கூடாது, சொல்லிட்டேன்," என்றாள் மனைவி. நான் தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்குச் சுலபம்.

ஜாலான் புசார் சாலையில், பூட்டு விற்கும் கடைக்கும் ஒரு சின்ன ஹோட்டலுக்கும் நடுவில் இருக்கும் கால்நடை கிளினிக்கில் வேலை செய்கிறேன். கூண்டுகளைக் கழுவுவேன், துண்டுகளைத் துவைப்பேன், டாக்டர் ஊசி போடும்போது நாயையோ பூனையையோ பிடித்துக்கொள்வேன். தொடக்கப்பள்ளியோடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எந்த வகுப்பிலும் நான் உட்கார்ந்ததில்லை.

எங்கள் டாக்டரம்மா அப்படியில்லை. மருத்துவ உரிமத்தைப் புதுப்பிக்க டாக்டர்கள் தொடர்ந்து வகுப்புகளுக்குப் போய்ப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்தால் திங்கட்கிழமை கிளினிக்கில் ஏதாவது ஒரு பழக்கம் மாறிவிடும். முன்பெல்லாம் முரட்டுப் பூனையை நான் பிடரியில் கொத்தாகப் பிடித்துத் தூக்குவேன். ஒரு திங்கட்கிழமை, "இனிமே அப்படிப் பிடிக்க வேணாம் அண்ணே, டவல்ல சுத்தி மெதுவா பிடிங்க," என்றார். கை பழகுவதற்குப் பல வாரங்கள் ஆயின. அதற்குள் அடுத்த வகுப்பு வந்துவிட்டது. அதனால் திங்கட்கிழமை என்றாலே எனக்குக் கொஞ்சம் பயம்.

இந்த முறை வகுப்பு பூனைகளின் இதயத்தை ஸ்கேனில் பார்ப்பது பற்றி. மயக்க மருந்து இல்லாமல் அசையாமல் படுத்திருக்கும் ஆரோக்கியமான பூனைகள் வேண்டுமாம். மற்ற கிளினிக்குகளில் அங்கேயே வளரும் பூனைகள் உண்டு, அவற்றைக் கொண்டுவருவார்கள். எங்களிடம் அப்படி ஒன்று இல்லை. டாக்டருக்கு என் பூனை ஞாபகம் வந்தது. தடுப்பூசி போட வந்தபோது மேசையில் மாவு மூட்டைபோல் படுத்துக் கிடந்த பூனை.

"அண்ணே, உங்க பூனைய சண்டே கொண்டு வர முடியுமா? ரொம்ப சாது அது."

மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லாதவன் நான். சரி என்றேன்.

பிடோக் வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் மழைக்கு ஒதுங்கிய குட்டி அது. வீட்டில் பூனை வளர்க்கக்கூடாது என்று விதி இருந்த காலம் முழுக்க ஜன்னல் திரையை இழுத்துவிட்டே வளர்த்தோம். இப்போது விதி மாறிப் பூனைக்கு உரிமமும் இருக்கிறது. ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊரைப் பார்க்கிறது. என் மனைவி பள்ளிக்கூட கேன்டீனில் தட்டு கழுவுகிறாள். வீட்டுக்கு வந்து காலை நீட்டினால் பாதத்தின்மேல் அது ஏறிப் படுத்துக்கொள்ளும். வீட்டில் நாங்கள் இருவரும் பேசுவதைவிட அவள் அதனுடன் பேசுவதுதான் அதிகம்.

வகுப்பு காலாங் பக்கம், ஸ்கேன் இயந்திரம் விற்கும் ஒரு நிறுவனத்தின் பயிற்சி அறையில். டாக்டரே காரில் வந்து எங்களை ஏற்றிக்கொண்டார். அறையில் மேசைகள் போட்டு எண் ஒட்டியிருந்தார்கள். எங்களுக்கு நான்காம் மேசை. டாக்டரைக் கோடியில் இருந்த வேறு மேசைக்கு அனுப்பிவிட்டார்கள். அறைமுழுக்க ஆங்கிலம். நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் கூடையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் மேசைக்கு வந்த இளைஞர் ஒரு சீன டாக்டர், நல்ல பிள்ளை. "அங்கிள், உங்க கிளினிக் பூனையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை, வீட்டுப் பூனை என்று சொன்னால் எந்த வீடு, யார் பூனை என்று பேச்சு நீளும். தலையாட்டிவிட்டேன்.

முதல் வேலையாக நெஞ்சுப் பக்கத்து முடியை மழித்தார்கள். ஒரு பிஸ்கட் அளவுக்குத் தோல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. மனைவிக்குக் கொடுத்த வாக்கு அங்கேயே போயிற்று. ஓட்டை வைத்த மேசையில் அதை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நான் கால்களைப் பிடித்துக்கொள்ள, அவர்கள் கீழேயிருந்து கருவியை நெஞ்சில் வைத்துப் பார்த்தார்கள். பூனை என் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தது. டாக்டர்கள் முறை வைத்துக்கொண்டு பழகினார்கள். ஒருவர் கருவியைத் தலைகீழாகப் பிடித்தார். அதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. இவர்களும் மாணவர்கள்தான்.

பாடம் நடத்தியவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த நரைத்த முடிக்காரப் பெண்மணி. மேசை மேசையாகத் திருத்திக்கொண்டே வந்தவர் எங்கள் திரையைப் பார்த்ததும் நின்றார். இளைஞரின் கையிலிருந்து கருவியை வாங்கித் தானே வைத்துப் பார்த்தார். பிறகு திரும்பிக் கைதட்டி எல்லாரையும் கூப்பிட்டார்.

ஒன்றாம் மேசை, இரண்டாம் மேசை எல்லாம் காலியாயின. டாக்டர்கள் எங்களைச் சுற்றி வளைத்து நின்று, போனைத் தூக்கிப் பிடித்துத் திரையை வீடியோ எடுத்தார்கள். ஒருவர், "வாவ்," என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை பூனைகளில் எங்கள் பூனையின் படம்தான் நன்றாக விழுந்திருக்கிறது. இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று மனத்துக்குள் வாக்கியம்கூடத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

அப்புறம்தான் சொற்கள் காதில் ஏறின. ஹார்ட் வால் திக் என்றார் பாடம் நடத்தியவர், இதயச் சுவர் தடித்திருக்கிறதாம். வெள்ளைப் பலகையில் ஓர் இதயம் வரைந்து அதன் ஓரத்தை மீண்டும் மீண்டும் கோடு போட்டுத் தடிப்பாக்கினார். கிளாட் என்றார், பேக் லெக்ஸ் என்றார், சடன் என்றார். எனக்கு ஆங்கிலம் குறைவு. ஆனால் இந்தச் சொற்கள் கிளினிக் சொற்கள். இரத்தம் கட்டிப் பின்கால்கள் விழுந்துபோன ஒரு பூனையை ஒரு முறை நான்தான் வாங்கி மேசையில் வைத்தேன். அது கத்திய கத்தலை வாசலிலிருந்தே கேட்ட அதன் சொந்தக்காரர் உள்ளே வரவே மறுத்துவிட்டார்.

என் கால்கள் ஓர் இடத்தில் நிற்கவில்லை. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே இருந்தேன். கையை மட்டும் அசைக்க முடியாது, பூனை கையில் இருக்கிறது. இப்படிப்பட்ட பூனையைப் பதற்றப்படுத்தக்கூடாது, அமைதியாக வைத்திருக்க வேண்டும் என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் தலையாட்டிக்கொண்டே அடுத்தவருக்கு வழிவிட்டு வரிசையில் நகர்ந்தார்கள். அது எவ்வளவு நாள் உயிரோடு இருக்கும் என்று ஒருவர் கேட்டார். அந்த அம்மா அதற்குப் பதிலும் சொன்னார். என் முகத்துக்கு நேராக நின்றுதான் சொன்னார். கிளினிக் பூனை என்று தலையாட்டியவன் நான்தானே.

எங்கள் டாக்டர் கடைசியில் வந்தார். கூட்டத்துக்குப் பின்னால் எம்பி, போனைத் தூக்கினார். போனில் முதலில் திரை தெரிந்திருக்கும். பிறகு என் கை தெரிந்திருக்கும். போனை மெதுவாக இறக்கினார்.

"அண்ணே," என்றார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

பாடம் நடத்தியவர் என்னைப் பார்த்துச் சிரித்து, மதியம் இன்னொரு குழு வரும், சாப்பாட்டுக்குப் பிறகும் இந்தப் பூனையைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளலாமா, இப்படி ஒன்று கிடைப்பது அரிது என்றார். அடுத்த டாக்டர் கருவியைக் கையில் எடுத்துவிட்டார். எங்கள் டாக்டர் என்னையும் அந்த அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். அங்கே அவரும் ஒரு மாணவி.

"போதும்," என்றேன்.

தமிழில்தான் வந்தது. நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. எல்லாரும் திரும்பினார்கள். காது சுட்டது.

"மை கேட்," என்றேன். "கிளினிக் கேட் நோ. ஹவுஸ் கேட். மை வைஃப் வெயிட்டிங்."

அந்த அம்மாவின் முகம் மாறியதை நான் மறக்கவில்லை. உடனே திரையை அணைத்தார். ஈரத்துணியால் தானே பூனையின் நெஞ்சில் இருந்த ஜெல்லைத் துடைத்தார். சீன இளைஞர், "சாரி அங்கிள், சாரி," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பூனையைக் கூடையில் விட்டதும் அது நைட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

பக்கத்தில் ஒரு சின்ன அறையில் எங்களை உட்காரவைத்தார்கள். நான் உட்காரவில்லை. அந்த அம்மா நிதானமாகச் சொல்லச் சொல்ல, எங்கள் டாக்டர் தமிழில் சொன்னார். பதற்றமானால் அவரிடம் யாழ்ப்பாணத்துத் தாத்தா வீட்டுப் பேச்சு வந்துவிடும்.

"எப்ப எண்டு சொல்ல ஏலாது அண்ணே. மாத்திரை குடுத்தா வருஷக்கணக்கா இருக்கலாம். இல்லாட்டி..." என்று நிறுத்தினார். பிறகு நான் கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னார். "ஊசி போடேக்க நான் நெஞ்சில ஸ்டெதஸ்கோப் வச்சுக் கேட்டனான். பிழையான சத்தம் ஒண்டும் கேக்கேல்லை. சில பூனைக்குக் கேக்காது. அதுக்குத்தான் இந்த கிளாஸ்."

அது தூங்கும்போது மூச்சு எப்படி ஏறி இறங்குகிறது என்று தினமும் பார்க்க வேண்டும், வேகம் கூடினால் உடனே கொண்டுவர வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். தொடக்கப்பள்ளிக்குப் பிறகு எனக்கு நடந்த முதல் வகுப்பு அதுதான்.

வீட்டில் மனைவி கூடையைத் திறந்ததும் மழித்த இடத்தைத்தான் முதலில் பார்த்தாள்.

"ஒரு முடிகூடப் போகாதுன்னு சொன்னீங்க!"

"சொன்னேன்."

"அப்ப வாய் எங்க போச்சு உங்களுக்கு? மழிக்கும்போது வேடிக்கை பாத்துட்டு நின்னீங்களா?"

அவள் திட்டி முடிக்கட்டும் என்று நின்றேன். பிறகு சொன்னேன். தடித்த சுவர், மாத்திரை, பின்கால், எல்லாம். அவள் தரையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். பூனை வழக்கம்போல் பாதத்தின்மேல் ஏறியது. நான் சமையலறைக்குப் போனேன், ஹாலுக்கு வந்தேன், மறுபடி சமையலறைக்குப் போனேன்.

"ஒரு எடத்துல உக்காருங்களேன், எனக்கே மூச்சு வாங்குது," என்றாள். பிறகு, "மாத்திரை கசக்குமா?" என்று கேட்டாள்.

கசந்தது. பூனையின் வாயில் நுரை தள்ளியது. காலி கேப்சூலுக்குள் போட்டு, சூரை மீனில் புதைத்துக் கொடுக்கப் பழகிக்கொண்டோம். அந்த வாரம் கிளினிக்கிலும் பழக்கம் மாறியது. வயதான பூனை எது வந்தாலும், நெஞ்சில் மாறான சத்தம் கேட்காவிட்டாலும், டாக்டர் ஸ்கேனைப் பற்றிச் சொந்தக்காரரிடம் பேசுகிறார். பேசும்போது என்னைப் பார்ப்பதில்லை.

பிறகு ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். அன்று எடுத்த வீடியோவை அடுத்த வகுப்புகளில் காட்டலாமா என்று அந்த அம்மா கேட்டு எழுதியிருக்கிறாராம். முடிந்தால், பூனையையும் இன்னொரு முறை.

மனைவியிடம் சொன்னேன். அவள் பூனையின் காதைத் தடவிக்கொண்டே யோசித்தாள். "வீடியோவக் காட்டிக்கட்டும். வேற யாரு வீட்டுப் பூனைக்காவது முன்னாடியே தெரியட்டும். ஆனா இவ வரமாட்டா. நீங்க சொல்றீங்களா, நான் வந்து சொல்லவா?"

"நானே சொல்றேன்."

திங்கட்கிழமை காலையில், கூண்டுகளைக் கழுவுவதற்கு முன்பே போய்ச் சொல்லிவிட்டேன். "வீடியோ ஓகே டாக்டர். பூனை வராது." டாக்டர், "சரி அண்ணே," என்றார். அவ்வளவுதான். இவ்வளவு சின்ன வேலையா இது என்று இருந்தது.

முன்பின் தெரியாத டாக்டர்களின் போன்களில் எங்கள் பூனையின் இதயம் இப்போதும் அடித்துக்கொண்டிருக்கும். அதை நினைத்தால் சில நாள் நிம்மதியாக இருக்கிறது, சில நாள் பிடிக்கவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அது ஜன்னலோரம் தூங்கும். முடி மீண்டும் வளர்ந்துவிட்டது, மழித்த இடம் தெரியவில்லை. விலா ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"போங்க, பஸ் போயிடும்," என்பாள் மனைவி.

லிப்ட் வரை போவேன். கதவு திறக்கும். திரும்பி வந்து, வாசல் கம்பிக்கதவு வழியாக இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்குவேன்.