நார்மாவின் நம்பர்

வட இங்கிலாந்தில், ஒரு பள்ளத்தாக்கில் இருக்கும் டாட்மோர்டன் ஊரில் ரேமண்ட் ஹெலிவெல் என்று சொன்னால் பலரும் ஒரு நொடி முழிப்பார்கள். பிறகு, "ஓ, நார்மா வீட்டுக்காரரா!" என்பார்கள். அந்த ஊரின் பாதிக் கதவுகளை இழைத்துப் பொருத்தியவர் அவர்தான். இருந்தாலும் இப்படி அழைக்கப்படுவதில் அவருக்கு வருத்தம் கிடையாது. தன்னை யாரும் கவனிக்கவில்லை என்றால் அதைவிட நிம்மதி வேறில்லை என்று வாழ்ந்த மனிதர். கடைக்குப் போனால் கூட்டம் குறையும்வரை வெளியே நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்க அந்த வானத்தில் மழையைத் தவிர ஒன்றும் இருக்காது.

நார்மா நேர்மாறு. வீடு வீடாகப் போய் முடி வெட்டி, சாயம் பூசி, சுருட்டிவிடுவது அவள் தொழில். பள்ளத்தாக்கின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அவள் கை படாத தலை குறைவு. யாரைப் பார்த்தாலும் "கண்ணு" என்பாள். காரில் போகும்போது எதிரே வருகிறவர், நடைபாதையில் நிற்பவர், பேருந்தில் உட்கார்ந்திருப்பவர் எல்லாருக்கும் கை அசைப்பாள். ஸ்டியரிங்கைப் பிடிக்கிற நேரத்தைவிட அந்தக் கை காற்றில் இருந்த நேரம்தான் அதிகம் என்று ரேமண்ட் முணுமுணுப்பார்.

அவளுடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அவளே தனக்கு ஒரு பரிசு வாங்கிக்கொண்டாள். காருக்குச் சொந்தப் பெயரில் ஒரு நம்பர்: N6 RMA. NORMA என்பதில் 'O' வர வேண்டிய இடத்தில் 6 வந்திருந்தது. அந்த இடத்தில் எண்தான் வர முடியும், வேறு வழியில்லை.

"கொஞ்சம் கண்ணைச் சுருக்கிப் பாரு ரே. நார்மான்னு தெரியுதா?"

"எனக்கு ஆறுன்னுதான் தெரியுது. பேரை எழுதி ஒட்டிக்கிட்டுத் திரிய நாம என்ன சர்க்கஸா?"

அந்தப் பள்ளத்தாக்கில் திருடினால்கூட மன்னித்துவிடுவார்கள், பகட்டினால் மன்னிக்க மாட்டார்கள். ஊர் என்ன சொல்லுமோ என்று ரேமண்டுக்கு உள்ளூர உதறல். தன் வேன் பழுதான நாட்களில், வேலை நடக்கும் வீட்டுக்கு அவள் காரில் கொண்டுபோய் விட்டால், இரண்டு தெரு முன்னாலேயே இறங்கிக்கொள்வார். ஊரோ ஒன்றும் சொல்லவில்லை. அந்த நம்பரைத் தூரத்தில் பார்த்ததுமே கையைத் தூக்கப் பழகிக்கொண்டது, அவ்வளவுதான். நார்மா அதற்குப் பிறகு மூன்று கார் மாற்றினாள். நம்பர் மட்டும் கூடவே வந்தது. எழுத்து வேலையெல்லாம் கார் விற்கும் கடைக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். ரேமண்ட் கண்டதெல்லாம் பழைய காரிலிருந்து நம்பர் பலகையைக் கழற்றிப் புதுக் காரில் மாட்டியதைத்தான். வீடு மாறும்போது வாசலில் இருக்கும் பெயர்ப் பலகையைக் கழற்றி எடுத்துப்போகிற மாதிரிதான் இதுவும் என்று எண்ணிக்கொண்டார். தச்சன் புத்தி.

நார்மாவின் கண் கெட்டது கொஞ்சம் கொஞ்சமாகத்தான். நேரே பார்த்தால் நடுவில் ஒரு கறை, ஓரங்களில் மட்டும் உலகம். இனி கார் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுச் சொன்னாள்:

"காரை வித்துடு ரே. நம்பரை விக்காத. அதை உன் வேன்ல மாட்டு. நான் பக்கத்துல உக்காந்து வரேன்."

"என் வேன்லயா?"

"ஆமா, உன் வேன்லதான். இத்தனை வருஷமா இந்த ஊர் என் மூஞ்சியப் பாத்தா கை அசைச்சுச்சு? நம்பரைப் பாத்துதானே அசைச்சுச்சு? அது போச்சுன்னா நானும் போனவதான். நார்மா இன்னும் சாகலன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்."

சரி என்றார் ரேமண்ட். கார் விற்பனைக்கு என்று தபால் நிலைய ஜன்னலில் ஒரு அட்டை எழுதி ஒட்டினார். மேட்டில் இருக்கும் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் ருடோ என்ற பெண் வந்து காரைக் கேட்டாள். ஜிம்பாப்வேயிலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதிகாலை வேலைக்குப் பேருந்து கிடையாது, கார் அவசியம். பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டாள். கார் போவதைப் பார்க்க மனமில்லை என்று நார்மா சொன்னதால், முந்தின நாளே ரேமண்ட் சாவியையும் காரின் பதிவுச் சீட்டையும் ருடோவிடம் கொடுத்தார். காரின் முன்னும் பின்னும் இருந்த பலகைகளைத் திருகாணி சேதமாகாமல் கழற்றித் துண்டில் சுற்றி அலமாரியில் வைத்தார். மறுநாள் இருவரும் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியபோது வாசலில் கார் இல்லை. வேலை சுத்தமாக முடிந்தது என்று ரேமண்ட் நினைத்தார்.

வேனில் மாட்டும் வேலைதான் மீதம். அதைச் செய்யத்தான் அவருக்குக் கை வரவில்லை. மழையாக இருக்கிறது என்றார். பொருத்தமான திருகாணி இல்லை என்றார். தச்சன் வீட்டில் திருகாணி இல்லையாம்! நார்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள்.

இப்படி மூன்று வாரம் ஓடியது. ஒரு காலை, சந்தையில் பாலாடைக்கட்டிக் கடை வைத்திருக்கும் ஜாய்ஸ் கதவை இடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ரேமண்ட், உனக்குப் புத்தி கித்தி இருக்கா? கண்ணு தெரியாதவ கையில காரைக் கொடுத்து அனுப்புறியே!"

"யாரு கையில?"

"உன் பொண்டாட்டி கையிலதான்! நேத்து ரயில் பாலத்துக்கு அடியில விர்ருன்னு போறா. நிறுத்துடீன்னு ரெண்டு கையையும் ஆட்டிக் கத்துறேன். அவ சிரிச்சுக்கிட்டே கை அசைச்சுட்டுப் போறா! ஊரே பேசுது. பாதிரியார் ஜெபத்துல சேத்துட்டாரு."

உள்ளேயிருந்து நார்மாவின் குரல் வந்தது. "நான் நேத்து முழுக்க இந்த சோபாவை விட்டே எழுந்திரிக்கலையே, ஜாய்ஸ்!"

மழையில், கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது யார் என்று யார் பார்த்தார்கள்? நம்பரைப் பார்த்தார்கள், கையைத் தூக்கினார்கள். ரேமண்ட் அலமாரிக்கு ஓடித் துண்டைப் பிரித்தார். இரண்டு பலகையும் பத்திரமாக இருந்தன.

"நம்பர் இங்கதானே இருக்கு!"

"பலகை அங்க இருக்கு. நம்பர் எங்க இருக்குன்னு கேளு" என்றாள் நார்மா.

ஸ்வான்சீயில் இருக்கும் வாகனப் பதிவு அலுவலகத்துக்கு போன் போட்டார். ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"பலகையை நீங்க தாராளமா சுவத்துல மாட்டிக்கலாம் சார். நம்பர் காரோட பேர்ல இருந்துச்சு, காரோடவே போயிடுச்சு. விக்கறதுக்கு முன்னாடியே அதைத் தனியா எடுத்து வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கணும். புது பலகையை யாரு வேணா கடையில அடிச்சுக்கலாமே. பதிவுச் சீட்டைக் காட்டினாப் போதும், அதுல இருக்கற நம்பரை அடிச்சுத் தருவாங்க."

"இப்போ என்ன பண்ணறது?"

"இப்போ கார் யாருதோ, அவங்க மனசு வச்சாத்தான் உண்டு."

நார்மா கத்தியிருந்தால் தேவலை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே அவளுக்குச் சரியாக எதுவும் தெரியாது என்பது ரேமண்டுக்குத் தெரியும். ஜாய்ஸ்கூட கதவை மெல்லச் சாத்திக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு" என்றாள் நார்மா கடைசியில். "மாட்ட இஷ்டமில்லாமதானே இத்தனை நாள் தள்ளிப்போட்ட? அன்னிக்கே மாட்டப் போயிருந்தா அப்பவே விஷயம் தெரிஞ்சிருக்கும்ல?"

"ஆமா. எனக்கு வெக்கமா இருந்துச்சு."

"என் பேரை வச்சுக்கிட்டுப் போறதுக்கா?"

"எல்லாரும் என்னைப் பாப்பாங்களேன்னு."

அவள் சிரித்துவிடுவாள் என்று ரேமண்ட் எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அன்று மாலையே அவர் கோட்டை மாட்டிக்கொண்டு ருடோவின் வீட்டுக்குத் தனியாகப் போனார். தட்டுவதற்கு முன் அந்தக் கதவின் கீலையே ரொம்ப நேரம் ஆராய்ந்துகொண்டு நின்றார்.

ருடோ அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து பிஸ்கட் தட்டை நீட்டினாள். அவர் முன்னும் பின்னுமாக விஷயத்தைச் சொல்லி முடித்தார். அவள் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது.

"அப்போ அவங்க யாரும் எனக்குக் கை அசைக்கலையா, ஐயா?"

ரேமண்ட் எடுத்த பிஸ்கட்டைத் தட்டிலேயே திருப்பி வைத்தார்.

"இங்க வந்ததுலேர்ந்து வேலை இடத்தைத் தவிர யாரும் ஒரு வார்த்தை பேசினதில்ல. காரை எடுத்த அன்னிக்கே ஊரே கை அசைக்குது! ஒரு அம்மா ரெண்டு கையையும் ஆட்டிக் கூப்பிடறாங்க. எங்கம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன், ஒரு வழியா இந்த ஊர் என்னைச் சேத்துக்கிச்சும்மான்னு."

'நீயே வச்சுக்கோம்மா' என்று சொல்ல அவருக்கு வாய்வரை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த நார்மாவை நினைத்து அதை விழுங்கிக்கொண்டார். அந்த நொடியில் தன்மேலேயே அவருக்கு வெறுப்பு வந்தது.

"எடுத்துக்குங்க" என்றாள் ருடோ. "அது அவங்க பேரு. என் பேர் இல்லையே." பணம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். கை அசைத்த கதையைக் கேட்டதும் நார்மா தன் ஊன்றுகோலைத் தேடினாள். "அந்தப் பொண்ணை சனிக்கிழமை டீக்கு வரச் சொல்லு. டீயைக் குடிச்சிட்டு நேரா சந்தைக்கு."

அந்தச் சனிக்கிழமை ருடோவின் கையைப் பிடித்துக்கொண்டு நார்மா சந்தைக் கூடத்தில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கினாள். "இவ ருடோ. என் நீல ஹோண்டா கார் இனிமே இவளோடது, நம்பர் மாறும். பாத்தா கையைத் தூக்கணும். தூக்காதவங்க இனிமே தன் முடியைத் தானே வெட்டிக்கட்டும்."

"நீதான் வெட்டறதையே நிறுத்திட்டியேடி?" என்றாள் ஜாய்ஸ்.

"அப்ப கண்ணு தெரியாமலே வந்து வெட்டிடுவேன், பாத்துக்கோ!"

ஜாய்ஸ் உடனே ஒரு பெரிய துண்டு பாலாடைக்கட்டியை வெட்டி ருடோவின் பையில் போட்டாள். காது போய்விடுமோ என்று பயந்தே கொடுத்ததாக இன்றும் சொல்கிறாள்.

காகித வேலைகள் முடிந்து N6 RMA ரேமண்டின் வெள்ளை வேனில் ஏறியது. முதல் நாள் அவருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. எதிரே வருகிறவர்கள் எல்லாரும் கையைத் தூக்கினார்கள். நார்மாவுக்கு அவர்கள் தெரியவில்லை. ரேமண்டுக்கோ யாருடைய பெயரும் தெரியவில்லை.

"யாரு? யாரு அசைச்சா?"

"ஒரு பொம்பளை. பச்சைக் கோட்டு. கையில ரெண்டு நாய்."

"டோரத்தி. புருஷனை விட்டாலும் நாயை விட மாட்டா. கையைத் தூக்கு, ரே!"

"தூக்கிட்டேன்."

"அடுத்தது?"

"வழுக்கைத் தலை. சைக்கிள்."

"நெவில். முடி இருந்த காலத்துல நான்தான் வெட்டினேன். நல்லாத் தூக்கு, விரலை மட்டும் ஆட்டாத!"

இப்படித்தான் இத்தனை வருஷம் கதவு பொருத்திய ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை ரேமண்ட் கற்றுக்கொண்டார். தினமும் காலையில், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு சுற்றுப் போய் வருவார்கள். நீல ஹோண்டா எதிரே வந்தால் ஹாரனும் உண்டு.

நவம்பரில் ஒருநாள் மழை கொட்டியது. தெருவில் ஈ காக்கை இல்லை. பர்ன்லி சாலையை முழுக்கக் கடந்தும் ஒரு கைகூட உயரவில்லை. நார்மா மடியில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் முகம் சுருங்கிக்கொண்டே வருவதை ரேமண்ட் ஓரக்கண்ணால் பார்த்தார். அவருக்குத் தாங்கவில்லை.

"அதோ, ஒருத்தி அசைக்கிறா" என்றார்.

"யாரு? எப்படி இருக்கா?"

வாழ்நாளில் பொய் சொல்லிப் பழகாத மனிதர் திணறினார். "உயரமா... சிவப்புக் குடை. மூக்குக் கண்ணாடி. கையில... ஒரு வாத்து."

"வாத்தா?"

"ஆமா. வாத்துதான்."

நார்மாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அப்படி ஒருத்தி இந்தப் பள்ளத்தாக்குலயே கிடையாதுடா, ரே."

ரேமண்ட் சாலையைப் பார்த்து ஓட்டினார். காது மடல் சூடேறியது.

அவள் கையை நீட்டி அவர் முழங்கையைத் தேடிப் பிடித்தாள்.

"சரி, நீ திருப்பிக் கை அசைச்சியா?"

"அசைச்சேன்" என்றார் ரேமண்ட். ஆளில்லாத அந்தத் தெருவில், மழையைப் பார்த்து, அவர் நிஜமாகவே அசைத்திருந்தார்.