பச்சை அம்பு

நம்பச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. நீங்கள் நம்பாவிட்டால் எனக்குத்தான் நிம்மதி. ஆனால் நடந்தது நடந்ததுதான். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

தெமோதரைக்கு அப்பால் பென்சிற்கரி, அதாவது கிராஃபைட் தோண்டும் ஒரு சுரங்கத்தில் நான் பாதுகாப்பு அதிகாரி. புது ஆட்களை உடனே கீழே இறக்க மாட்டோம். மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையின் மாடியில் நிறுத்தி, கண்ணை முழுதாக மூடும் வீ.ஆர். கருவியை மாட்டிவிடுவோம். எங்கள் சுரங்கம் அச்சு அசலாக அதற்குள் தெரியும். பாதை இரண்டாகப் பிரியும் சந்திக்கு வந்ததும் கூரை இடியும். சுரங்கச் சுவரில் உள்ள பச்சை அம்பு காட்டும் வலப்பக்கம் ஓடினால் பாஸ். இடப்பக்கம் பழைய பாதை, போனால் ஃபெயில். அந்தப் படத்தில் மனிதர் எவருமே கிடையாது.

அன்று வெள்ளிக்கிழமை. ஒன்பது நாளாக எனக்கு லீவு இல்லை. கழுத்து வலி, கால் வலி, எல்லா வலியும். கடைசி ஆள் அஜந்தன், பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசை வீட்டில் இருப்பவன். மனைவிக்கு ஏழு மாதம். இந்த வேலையை மலைபோல நம்பியிருந்தான்.

மூன்று முறையும் இடப்பக்கமே போனான்.

"என்ன அஜந்தன், அம்பு தெரியேல்லையோ?"

"தெரியுது சார். அங்கன ஒரு பெரியவரு நின்னு கூப்பிடுறாருங்க."

"அங்க ஒருத்தரும் இல்லை."

"இடுப்புல படங்கு கட்டியிருக்காரு சார். பெரியவரு கூப்பிட்டா போகாம எப்படிங்க?"

படங்கு என்பது தோட்ட வேலைக்கு இடுப்பில் சுற்றும் தடித்த சாக்கு. வெளிநாட்டில் செய்த படத்துக்குள் அது எப்படி வரும்? எரிச்சலோடு நானே கருவியை மாட்டினேன்.

மாலை 4.17.

இருட்டு. சொட்... சொட்... என்று தண்ணீர்.

கூரை இடிந்தது. இடப்பக்கம் திரும்பினேன்.

நின்றார்.

நனைந்த படங்கு. வா, வா என்று கையசைத்தார்...

கழற்றி எறிந்தேன். உள்ளதை எழுதிக் கொடுத்தால் பயிற்சி நிற்கும், விசாரணை வரும், இன்னும் பத்து நாள் இங்கேயே கிடக்க வேண்டும். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

"ஆர் கூப்பிட்டாலும் பார்க்காதையும். அம்பை மட்டும் பாரும்."

நான்காம் முறை வலப்பக்கம் ஓடினான். கையெழுத்துப் போட்டேன். கும்பிட்டுவிட்டுப் போனான்.

செவ்வாய்க்கிழமை காலை 10.05.

கூரை உண்மையாகவே இடிந்தது. சந்தியில் அல்ல, வலப்பக்கப் பாதையில். உள்ளே இருந்த பழைய ஆட்கள் ஐந்து பேர் இடப்பக்கமாக ஓடித் தப்பினார்கள். யாரோ கூப்பிட்டார்களாம்.

அஜந்தன் மட்டும் அம்பைப் பார்த்து ஓடியிருக்கிறான்.

நான் வேலையை விட்டேன். கருவியை, அதே படத்தோடு, வேறொரு சுரங்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். போன மாதம் அங்கே பயிற்சி கொடுக்கும் அலவி போன் எடுத்தார்.

"சேர், ஒங்கட படத்துல ரெண்டு பேரு நிக்கிறாங்களே, யாரு? ஒரு வயசாளி இடப்பக்கம் கூப்பிடுறாரு."

"மற்ற ஆள்?"

"ஒரு வாலிபன் சேர். வலப்பக்கம் நின்னு கூப்பிடுறான்."

வலப்பக்கம் விடாதையும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நல்லதுதான் சேர். எங்கட ஆக்கள் எல்லாம் அவன் பின்னாலதான் போறாங்க. எல்லாரும் பாஸ்."