முதலில் வாய் திறப்பவரின் மொழி

1995ஆம் ஆண்டு. மெல்பேர்னில் மல்கிரேவ் பக்கம் நாங்கள் குடிவந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அதற்கு முன் ஏழு வருடம் சுவிஸில் பீல் என்ற சின்ன நகரத்தில் இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாகப் போய்ச் சேர்ந்த இடம் அது. மகள் அங்கேதான் பிறந்தாள். பிறகு என் கணவரின் அண்ணா ஸ்பொன்சர் செய்து எங்களை இங்கே எடுத்துவிட்டார். நான் சொல்லும் அந்த 1995இல் மகளுக்கு எட்டு வயது. வீட்டில் தமிழ், பீலில் பாலர் பள்ளியில் பிடித்த பிரெஞ்சு, இங்கே வந்து படித்த ஆங்கிலம் எல்லாவற்றையும் சாம்பார் மாதிரிக் கலந்து பேசுவாள். எங்களுக்கு அது விளங்கும், அதனால் யாரும் கவலைப்படவில்லை.

கவலைப்பட்டது அவளுடைய வகுப்பு ரீச்சர். ஒரு நாள் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, சின்னக் கதிரையில் இருத்தி, சிரித்த முகத்தோடுதான் சொன்னார். பிள்ளைக்கு மூன்று மொழியும் குழம்புகிறதாம். இனிமேல் வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேச வேண்டுமாம். அதுதான் பிள்ளையின் எதிர்காலத்துக்கு நல்லதாம்.

எங்கள் ஆட்களைப் பற்றித் தெரியும்தானே. ரீச்சர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. காரில் வரும்போது நான் முணுமுணுத்தேன். இவர் திரும்பிப் பார்த்து, "படிப்பிக்கிற மனுசி தெரியாமலோ சொல்லுது?" என்று ஒரு கேள்வி கேட்டார். நானும் வாயை மூடிக்கொண்டேன். வேறு எதற்கும் இலேசில் அடங்குகிற ஆள் இல்லை நான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று சொந்தக்காரர் எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட நான் அன்று அடங்கிப் போனேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வரும்.

அன்றிலிருந்து வீட்டில் ஆங்கிலம். இவருக்கு வேலையிடத்தில் பேசிப் பழகிய ஆங்கிலம் இருந்தது. என்னிடம் இருந்ததோ கடைக்கும் பஸ்ஸுக்கும் மட்டும் போதுமான ஆங்கிலம். சாப்பிடு, குளி, படி, படு. இந்த நாலு சொல்லை வைத்து நாலு மாதம் பிள்ளை வளர்த்தேன். ஒரு பிள்ளையைத் திட்டக்கூட அந்த ஆங்கிலம் காணாது, பிறகு எங்கே கொஞ்சுவது? நான் பிழையாகச் சொன்னால் மகள் திருத்துவாள். முதலில் சிரித்துக்கொண்டு திருத்தினாள். பிறகு சிரிக்காமல் திருத்தினாள். கடைசியில் திருத்துவதையும் விட்டுவிட்டாள்.

ஒரு நாள் பின்னேரம் அழுதுகொண்டு வந்தாள். கட்டிப்பிடித்து என்ன நடந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டேன். மடமடவென்று கொட்டினாள். யாரோ ஒரு பிள்ளை, ஏதோ ஒரு விளையாட்டு, இவளைச் சேர்க்கவில்லையோ தள்ளிவிட்டதோ, எனக்குப் பாதிதான் பிடிபட்டது. "ஓகே, ஓகே" என்று முதுகைத் தடவினேன். அவள் அழுகையை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு விளங்கவில்லை என்று அவளுக்கு விளங்கிவிட்டது. "நெவர் மைண்ட்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

குசினியில் நின்று அழுதேன். வெளிநாட்டுக்கு வந்து எவ்வளவோ பட்டிருக்கிறோம், ஆனால் பெற்ற பிள்ளை என்னிடம் சொல்லி என்ன பிரயோசனம் என்று விட்டுவிட்டுப் போனது அதுதான் முதல் தடவை. இவரிடம் சொன்னேன். கொஞ்ச நாளில் எல்லாம் சரிவரும் என்றார்.

அடுத்த மாதம் அவளுடைய பையைத் துப்புரவாக்கும்போது வாழைப்பழத் தோலுக்கு அடியில் கசங்கிய கடிதம் ஒன்று கிடைத்தது. வகுப்பில் உலக நகரங்களைப் பற்றிப் படிக்கிறார்களாம். வேறு நாட்டில் வாழ்ந்த பெற்றோர் யாராவது வந்து, தாங்கள் இருந்த நகரத்தைப் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம் அறிமுகம் செய்யலாமாம். ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். அப்பா வரலாம் என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. அப்பாவுக்குப் பகல் ஷிஃப்ட் என்பது அவளுக்கும் தெரியும். அம்மாவின் ஆங்கிலத்தை யாரும் கேட்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். அந்த இடத்திலேயே நான் போவது என்று முடிவெடுத்துவிட்டேன்.

இவர் ஒரு பக்கத்தில் அழகாக எழுதித் தந்தார். பீல் ஒரு சின்ன நகரம், பக்கத்தில் ஏரி, மணிக்கூடு செய்கிற ஊர், மலைக்குக் கயிறு கட்டி இழுக்கிற ரயில், பனி, சொக்லேட். குசினியில் கறி கொதிக்கக் கொதிக்கப் பாடமாக்கினேன். நல்ல சேலையாகப் பார்த்து உடுத்தேன். பீலில் எடுத்த படங்கள் சிலவற்றையும் பையில் வைத்தேன்.

பிள்ளைகள் தரையில் சம்மணம் கட்டி இருந்தார்கள். என்னுடையவள் கடைசி வரிசையில், தன் சப்பாத்து நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். பாடமாக்கியதை ஒப்புவித்தேன். சொக்லேட் வந்தபோது எல்லாரும் "யம்" என்றார்கள். நாலு நிமிடத்தில் பக்கம் முடிந்துவிட்டது. மிச்ச நேரத்துக்கு என்ன செய்வது என்று படங்களைச் சுற்றுக்கு விட்டேன். அதில் ஒன்றில் நானும் இவரும் கைக்குழந்தையோடு ஒரு தெருமுனையில் நிற்கிறோம், தலைக்கு மேல் தெருப் பெயர்ப் பலகை. செம்பட்டை முடியுள்ள ஒரு சிறுமி கையை உயர்த்தி, ஒரு தெருவுக்கு ஏன் இரண்டு பெயர் எழுதியிருக்கிறது என்று கேட்டாள்.

இவர் எழுதித் தந்த பக்கத்தில் அதற்குப் பதில் இல்லை. சொந்த ஆங்கிலத்தில் இறங்க வேண்டியதாயிற்று. மேலே உள்ளது ஜேர்மன், கீழே உள்ளது பிரெஞ்சு என்றேன். அந்த ஊரில் இரண்டு மொழிக்காரரும் இருக்கிறார்கள், நகரத்துக்கே இரண்டு பெயர், ஜேர்மன்காரருக்குப் பீல், பிரெஞ்சுக்காரருக்குப் பியேன். அப்போ கடையில் எந்த மொழி பேசுவது என்று அவள் விடவில்லை. அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது என்று சொன்னேன். யார் முதலில் வாய் திறக்கிறாரோ, அவருடைய மொழியில் பேச்சு நடக்கும். மற்றவர் அவருக்குப் பின்னால் போவார்.

சொல்லச் சொல்ல எனக்கே உற்சாகம் வந்துவிட்டது. நான் முதல் முதலாக அங்கே ரொட்டி வாங்க வெதுப்பகத்துக்குப் போன கதையைச் சொன்னேன். எனக்கு ஜேர்மனும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது. கடைக்காரி நான் தொடங்கட்டும் என்று மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பின்னால் வரிசை. பதற்றத்தில் ஒரு பணிஸைக் காட்டி, "ரெண்டு தாங்கோ" என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு இரண்டு விரலைக் காட்டி, "ரெண்டு?" என்று கேட்டாள். "ஓம், ரெண்டு" என்றேன். வழக்கத்தை மீறாமல் எனக்குப் பின்னால் வந்தாள் மனுசி. சொந்த நாட்டில் அரசாங்கக் கந்தோரில் ஒரு கடிதத்தைத் தமிழில் வாங்க முடியாமல் வந்த எனக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்லவில்லை.

பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகிவிட்டது. ஒரு கிரேக்கப் பொடியன் எழும்பி ஏதோ சொன்னான். நான் அதை அப்படியே திருப்பிச் சொன்னேன், எல்லாரும் சிரித்தார்கள். ஒரு வியட்நாம் பிள்ளை தொடங்கியது, வகுப்பே அதன் பின்னால் சொல்லிப் பார்த்தது. வாய் திறக்கவே மாட்டாள் என்று நான் நினைத்த ஒரு பிள்ளை இரண்டு தடவை எழும்பியது.

அப்போதுதான் ரீச்சர் கை தட்டினார். நன்றாக இருந்தது, ஆனால் இந்த அறையில் நாங்கள் ஆங்கிலம்தான் பேசுவோம் என்றார். அத்தோடு விட்டிருந்தால் நானும் கும்பிட்டுவிட்டு வந்திருப்பேன். அவர் கடைசி வரிசையைப் பார்த்து, என் மகளின் பெயரைச் சொல்லி, நீயும் இப்போது வீட்டில் ஆங்கிலம் மட்டும்தானே பேசுகிறாய், எவ்வளவு கெட்டிக்காரி என்றார். எல்லாப் பிள்ளைகளும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் தலை சப்பாத்துக்குள் போய்விடும் போலக் குனிந்தது.

எனக்கு அன்று அவள் சாத்திய கதவு ஞாபகம் வந்தது. இலக்கணம் எல்லாம் காற்றில் போக, என் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். நிமிர்த்தி எழுதினால் இப்படி வரும்:

"உங்கள் வகுப்பில் நீங்கள் முதலில் தொடங்குகிறீர்கள், நான் பின்னால் வருகிறேன். என் வீட்டில் நான்தான் தொடங்குவேன். இன்றிலிருந்து."

ரீச்சரின் முகம் சிவந்தது. நன்றி என்று மட்டும் சொன்னார். படங்களைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்து, பள்ளிக்கூடம் விடும்வரை மதிலில் சாய்ந்து நின்றேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் மகள் எனக்கு முன்னால் பத்தடி தள்ளியே நடந்தாள். வீட்டுக்குள் வந்ததும் பையை எறிந்துவிட்டு ஆங்கிலத்தில் தொடங்கினாள். அவள் முதலில் வாய் திறந்துவிட்டாள், சட்டம் சட்டம்தானே, நானும் ஆங்கிலத்தில் பின்னால் போகப் பார்த்தேன். அந்த வேகத்துக்கு என்னால் ஓட முடியவில்லை. விளங்கவில்லை, மெதுவாகச் சொல் என்றேன். இன்னொரு நெவர் மைண்ட் வரப்போகிறது என்று பயந்துகொண்டு நின்றேன்.

வரவில்லை. இந்தக் கோபம் எனக்கு விளங்கியே ஆக வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. காலைத் தரையில் உதைத்து, நாலு மாதத்துக்குப் பிறகு, தமிழில் வெடித்தாள்.

"நீங்கள் ஏன் ரீச்சரோட சண்டை பிடிச்சனீங்கள்? எல்லாரும் என்னைத்தான் பார்த்தவை. நீங்கள் வீட்ட வந்திட்டீங்கள். நான் நாளைக்கும் அங்க போகோணும்!"

அந்தக் கடைசி வரி எனக்கு உறைத்தது. அதை நான் யோசிக்கவே இல்லை. என் வீரத்துக்கு மறுநாள் வகுப்பில் பதில் சொல்லப் போவது அவள்தான். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "போ. ஆனா தலையைக் குனியாமல் போ" என்றேன். அவள் விட்டாளா? எனக்குச் சமைக்கத் தெரியாது என்பதில் தொடங்கி, போன மாதம் தன்னைத் தள்ளிவிட்ட பிள்ளையின் முழுக்கதை வரைக்கும் ஒரு மணித்தியாலம் கத்தினாள். நானும் கத்தினேன். இரண்டு பேரும் தமிழில் தொண்டை கிழியச் சண்டை பிடித்தோம். வாழ்க்கையில் யாரிடமும் அவ்வளவு சந்தோஷமாக நான் பேச்சு வாங்கியதில்லை.

வேலையால் வந்த இவர் வாசலிலேயே நின்றுவிட்டார். ரீச்சர் சொன்னது என்னாச்சு என்று மெதுவாகக் கேட்டார். "ரீச்சர் வந்து எங்களுக்குச் சண்டை பிடிச்சுத் தருவாவா? பேசாமல் வந்து சாப்பிடுங்கோ" என்றேன். அவரும் தமிழிலேயே சரி என்று சொல்லிக் கையைக் கழுவினார்.

ரீச்சர் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வருட முடிவில் மகளின் ஆங்கிலம் வகுப்பில் நல்ல நிலையில் இருப்பதாக அவரே ரிப்போர்ட்டில் எழுதியிருந்தார். வீட்டில் நாங்கள் ஒரு சொல் ஆங்கிலம் பேசாத ஆறு மாதத்துக்குப் பிறகு எழுதியது அது.

இப்போது மகளுக்கு இருபத்திரண்டு வயது. நாள் முழுக்க வெளியில் ஆங்கிலத்தில்தான் பேசுகிறாள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் என்னோடு சண்டை பிடிக்க வேண்டும் என்றால் தமிழுக்குத்தான் வருகிறாள். அவள் குரல் உயரும்போதெல்லாம், பேசாமல் இழந்த அந்த நாலு மாதத்துக்காக என்னை நானே திட்டிக்கொண்டும், அதை ஐந்தாவது மாதமாக நீள விடாததற்காக என்னை மெச்சிக்கொண்டும் முழுவதையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.