பதினோராம் நம்பர் சட்டை

முதல் ஆட்டக்காரனின் முழங்கால் போய்விட்டது என்ற செய்தி நம்பர்க்காவின் வீட்டுக்கு மூன்று வாய் மாறி வந்து சேர்ந்தது. அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவரிடம் ஸ்டியரிங் பிடிக்கப் பழகும் ஒரு பெண்ணின் சித்தி மகள் ஸ்கேன் எடுக்கும் இடத்தில் வேலை பார்க்கிறாளாம். முந்தின நாள் அங்கே ஒரு நெட்டையனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்களாம். முகத்தைத் துண்டால் மூடியிருந்தால் என்ன, ஊர் கூடைப்பந்து அணிக்கு இத்தனை வருடமாகப் பந்தைத் தட்டி முன்னே கொண்டுபோகிறவனின் காலை யாருக்குத் தெரியாது? சொன்னவள் பார்க்கவில்லை. பார்த்தவளுக்குச் சொல்ல அனுமதியில்லை. அப்படியும் காலை டீ ஆறுவதற்குள் செய்தி சமையலறைக்கு வந்துவிட்டது.

"ஆறு மாசம் எழுந்திரிக்க மாட்டானாம். சீசனே போச்சு," என்றார் கணவர். குரலில் இருக்கவேண்டிய வருத்தம் கொஞ்சம் குறைச்சலாகத்தான் இருந்தது.

"பாவம்ங்க."

"பாவம்தான். நான் இல்லேன்னா சொன்னேன்? ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாரு. நேத்து வரைக்கும் உன் தம்பி அவன் இடத்துக்கு ரெண்டாவது ஆளு. இன்னிக்கு?"

அவள் கோப்பைகளைக் கழுவினாள். அதே நினைப்பு அவளுக்கும் வந்திருந்தது. இன்னொருத்தன் முழங்காலை வைத்து நாம் கணக்குப் போடுகிறோமே என்று கூசியது. கூசிக்கொண்டே கணக்கையும் போட்டு முடித்தாள்.

நம்பர்க்கா என்பது அவளுக்கு யாரும் வைத்த பெயரில்லை, தானாக ஒட்டிக்கொண்டது. ஆட்டரங்கத்துக்குப் பின்னால், சைக்கிள் பழுது பார்க்கும் இடத்துக்கும் சாவி செய்கிறவர் கடைக்கும் நடுவே, ஒரு ஆள் கையை விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கும் அளவில் அவள் கடை. உள்ளே துணியில் நம்பரும் பெயரும் ஒட்டும் ஒரு சூட்டு பிரஸ், பிளாஸ்டிக் எழுத்துகள் அடுக்கிய இழுப்பறைகள், ஒரு மின்விசிறி. விசிறியை அவள் போடுவதே இல்லை, எழுத்தெல்லாம் பறக்கும். பள்ளிக்கூடப் பனியன், கம்பெனிப் பனியன், பிறந்தநாள் பனியன் என்று அடித்துக்கொண்டிருந்தவளுக்கு அணியின் வேலை கிடைத்ததே வேறொருவர் வாயால்தான். தெருக்கோடியில் அதே தொழில் செய்தவர், புதிதாக வரப்போகும் ஓர் ஆட்டக்காரனின் சட்டையைப் படமெடுத்து நாலு நண்பர்களுக்கு அனுப்பிவிட்டார். அணி அறிவிக்குமுன் ஊரே அறிவித்துவிட்டது. மறு வாரம் சட்டை மூட்டை அவர் கடையைத் தாண்டி இவள் கடைக்கு வந்தது.

அதைக் கொண்டு வந்தவர் அணியின் சாமான்களைப் பார்த்துக்கொள்கிறவர். எந்நேரமும் தோளில் பை தொங்குவதால் அவருக்கு மூட்டை அண்ணன் என்று பெயர். முதல் நாளே சொல்லிவிட்டார்: "தங்கச்சி, இங்க கண்ணுக்கு வேலை உண்டு, வாய்க்குக் கிடையாது."

அன்றிலிருந்து அவள் வாய்க்கு வேலை கொடுத்ததில்லை. வாடிக்கையாளர் யாராவது உள்ளே வந்தால் சட்டையைக் குப்புறப் போட்டுவிடுவாள். அணி என்றால் உயிரை விடும் கணவர், ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் பின்னாலேயே வருவார். "ஒரே ஒரு பேரு சொல்லு போதும். முதல் எழுத்து மட்டும்."

"உங்க பேர்லயே ஒண்ணு அடிச்சுத் தரேன். போய் பெஞ்சுல உக்காந்துக்கங்க."

தம்பி அணிக்கு வந்தது அதற்குப் பிறகு. பதினோராம் நம்பர் அவனே கேட்டு வாங்கியது. சின்ன வயதில் அவன் கால்களைப் பார்த்து, "பதினொண்ணு நடந்து வருது பார்" என்று அக்காதான் கேலி செய்வாள். முதுகில் போட்டது அப்பாவின் பெயர். தபால் பிரிக்கும் வேலையில் இருந்த அப்பா ஒரு நாளும் பந்தைத் தொட்டவரில்லை. முதல் ஆட்டத்துக்கு வந்து ஓரமாக உட்கார்ந்து, "என் பேருக்கு இப்படி மூச்சு வாங்குதே" என்று சிரித்தார். அடுத்த சீசனுக்கு அவர் இல்லை. பெயர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வருடமும் அந்த எழுத்துகளை அவளே வைத்து, அவளே அழுத்தினாள். வேறு எந்தச் சட்டைக்கும் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை.

முழங்கால் செய்தி வந்த அந்தப் புதன்கிழமை காலையிலிருந்தே அவளுக்குக் கை ஓடவில்லை. ரேடியோவில் இரண்டு பேர் அணியைப் போட்டுப் பிழிந்துகொண்டிருந்தார்கள். போன வருடம் கடைசிக்கு முந்தின இடம், பழைய கோச் போய்ப் புதுக் கோச், கூடைக்கடியில் நிற்கும் உயரமானவனுக்குத் தோள்பட்டை இன்னும் சரியாகவில்லை, இப்போது முழங்கால் வதந்தி வேறு. "முதல் எட்டு இடத்துக்குள்ள வந்தா நான் மீசையை எடுத்துடறேன்" என்றார் ஒருவர். "உங்களுக்கு மீசையே கிடையாதே" என்றார் மற்றவர். அவள் ரேடியோவை அணைத்தாள். ஒரு நிமிடம் கழித்துத் திரும்பப் போட்டாள்.

பதினோரு மணி வாக்கில் தம்பி கூப்பிட்டான். பின்னணியில் பந்து தட்டும் சத்தம்.

"அக்கா, கேள்விப்பட்டியா?"

"மாமா சொன்னாரு. நிஜமாடா?"

"நிஜம்தான். இங்க யாரும் வாயைத் திறக்கலை, ஆனா அவன் லாக்கர் பூட்டிக் கிடக்கு." அவன் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, அந்த வெளியூர்க்காரங்க இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள பதில் கேக்கறாங்க. அதுக்கு மேல வேற ஆளைப் போட்டுடுவாங்களாம்."

வெளியூர்க்காரர்கள் என்பது இரண்டாம் பிரிவில் ஆடும் ஒரு சின்ன அணி. இரண்டு வருட ஒப்பந்தம், ஆட்டத்தைத் தொடங்கும் முதல் ஐந்து பேரில் இடம். போன சீசனில் கணுக்கால் பிசகி பாதி ஆட்டங்களைப் பெஞ்சிலிருந்து பார்த்தவனுக்கு, இருபத்தொன்பது வயதில், அது சின்ன விஷயமில்லை.

"நீ என்ன நினைக்கிறே?"

"நேத்துன்னா போயிருப்பேன். இப்ப எப்படிக்கா போறது? கோச் போன வாரம்தான் தோள்ல கை போட்டுச் சொன்னாரு, நீ என் கணக்குல இருக்கேன்னு. எனக்கு இதுதான் நேரம். நீ யோசிச்சு வை, சாயங்காலம் கூப்பிடறேன்."

மத்தியானம் கூரியரில் ஒரு பொட்டலம் வந்தது. எப்போதும் மூட்டை அண்ணன்தான் வருவார். இந்தமுறை மேலே ஒட்டியிருந்த சீட்டில் முன்பின் பார்த்திராத ஒரு பெண் கையெழுத்து. பெயரை எடுத்துவிட்டுப் புதுப் பெயர் வைக்கவும், நம்பர் அப்படியே இருக்கட்டும், அவசரம். சீசன் தொடங்கும் நேரத்தில் புதுச் சட்டைகள் வந்து சேராவிட்டால் பழையதையே உரித்து மாற்றுவது வழக்கம்தான். அவள் பிரஸ்ஸைச் சூடாகப் போட்டுவிட்டு, சட்டையை உதறி விரித்தாள்.

பதினொன்று. மேலே அப்பா.

அவள் நாற்காலியைத் தேடாமல் எழுத்து இழுப்பறையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். சீட்டை மறுபடி படித்தாள். புதுப் பெயர் வாயில் நுழையாத வெளிநாட்டுப் பெயர். அவளுக்கு அது தெரியும். ரேடியோ மீசைக்காரர்கள் போன வருடம் வாய் ஓயாமல் புகழ்ந்த பக்கத்து நாட்டு ஆட்டக்காரன். அவனும் பந்து கொண்டுபோகிறவன்தான். தம்பியின் இடம்.

இருக்காது. பெரிய ஆட்டக்காரர்கள் வந்தால் ராசியான நம்பர் கேட்பார்கள், பழைய ஆள் விட்டுக்கொடுப்பான். தம்பிக்கு வேறு நம்பர் போட்டிருப்பார்கள், அந்தச் சட்டை அடுத்த பொட்டலத்தில் வரும். அவள் பொட்டலத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கினாள். ஒன்றும் விழவில்லை.

மூட்டை அண்ணனைக் கூப்பிட்டாள்.

"ஆஸ்பத்திரியில இருக்கேன் தங்கச்சி, நம்ம பையன் முழங்காலுக்கு. டாக்டர் வர்ற நேரம். சுருக்கா சொல்லு."

"ஒண்ணுமில்லண்ணே. பதினொண்ணாம் நம்பர் சட்டை வந்திருக்கு. பழைய ஆளுக்கு என்ன நம்பர் போடணும்னு..."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம். பிறகு, "ஐயோ. அது உங்கிட்டயா வந்துச்சு?"

அவள் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"அந்தப் புதுப் பொண்ணு அனுப்பிட்டா போல. கடை உன் வீட்டுக்காரர் பேர்ல இருக்கு, சட்டையில இருக்கறது உங்கப்பா பேரு. அவளுக்கு எப்படித் தெரியும், அக்கா தம்பின்னு? நான் இருந்தா அதை டவுன்ல வேற எங்கயாவது குடுத்திருப்பேனே தங்கச்சி."

"அப்ப நிஜம்தான்."

"நான் எதுவும் சொல்லலை."

"சொல்லிட்டீங்கண்ணே."

அவர் மூச்சு கேட்டது. "நாளைக்குக் காலைல கோச்சே கூப்பிட்டுச் சொல்லுவாரு. மரியாதையா அனுப்புவாங்க. அதுவரைக்கும் வாயைத் திறந்துடாதம்மா. புது ஆளு இன்னும் கையெழுத்துப் போடலை. வெளியில கசிஞ்சா, முதல்ல என்னைத்தான் பிடிப்பாங்க. உன்னையும் சேத்துத்தான்." யாரோ அவரைக் கூப்பிட, வைத்துவிட்டார்.

நாளைக்குக் காலை. வெளியூர்க்காரர்களுக்குப் பதில் இன்று ஐந்துக்குள்.

அவள் சட்டையைப் பிரஸ்ஸின் மேல் போட்டாள். கை அதன்பாட்டுக்கு வேலையைச் செய்தது. துணியின் உள்பக்கம் சூடு காட்டி, முதல் எழுத்தின் ஓரத்தை இடுக்கியால் நிமிண்டி, மெல்ல இழுத்தாள். எழுத்து சுருண்டுகொண்டு வந்தது. அது இருந்த இடத்தில் துணி சுற்றிலும் உள்ளதைவிடக் கொஞ்சம் அடர்ந்த நீலமாக இருந்தது. பல தடவை துவைத்தும் வெளுக்காத இடம். எழுத்தின் வடிவம் அப்படியே தெரிந்தது. இடுக்கியைக் கீழே வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

போன் அடித்தது. தம்பி. பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று எடுக்கவில்லை. நின்றது. திரும்ப அடித்தது. அதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதலில் என்ன சொல்வது என்று தீர்மானித்துவிட்டு எடுக்கலாம். 'போயிடுடா' என்று மட்டும் சொன்னால் 'ஏன்' என்பான். காரணம் சொல்லாமல் எதையாவது கேட்டுக்கொண்ட சரித்திரம் அவனுக்கு இல்லை. சொன்னால் நேரே கோச்சின் அறைக்குள் போய் நிற்பான். அந்தக் கோபமும் அவனோடு பிறந்தது. அப்புறம் மூட்டை அண்ணன்? அந்த மனிதருக்கு ஓய்வு பெற இன்னும் ஒரு சீசன்தான் இருந்தது.

கணவரைக் கூப்பிட்டாள். வண்டிக்குள்ளிருந்து எடுத்தார்.

"சொல்லு. கிளட்ச், கிளட்ச்! உன்னை இல்லடி. இந்தம்மா பஸ்ஸுக்கு முத்தம் குடுக்கப் போறாங்க. என்ன விஷயம்?"

"தம்பிகிட்டப் பேசினீங்களா?"

"பேசாம? இப்பதான் பேசினேன். நீ போனை எடுக்கலைன்னு எனக்குப் போட்டான். ரொம்பக் குழம்பிக் கிடந்தான். நான் சொல்லிட்டேன், மச்சான், அதிர்ஷ்டம் உன் வீட்டுக் கதவைத் தட்டுது, நீ எதுக்கு வெளியூர் பஸ்ஸுக்கு நிக்கறே, உதறிட்டு வான்னு." பெருமையாகச் சிரித்தார். "முதல் ஆட்டத்துக்கு முன் வரிசை டிக்கெட் கேட்டிருக்கேன். இடது பக்கம் இண்டிகேட்டர்மா, இடது!"

"என்ன சொன்னான்?"

"சரி மாமா, இப்பவே சொல்லிடறேன்னான்."

அவள் போனை வைத்துவிட்டாள். காலையில் டீயோடு அவர் கொண்டு வந்த வதந்தி உண்மைதான். எல்லாம் உண்மை. அதைக் கேட்டு இரண்டு பேரும் போட்ட கணக்கு மட்டும்தான் தப்பு.

சுவர்க் கடிகாரத்தில் ஐந்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. தெருவில் சாவிக்கடைக்காரர் எதையோ ராவிக்கொண்டிருந்தார், பல்லைக் கூசவைக்கும் சத்தம். நம்பர்க்கா கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினாள். ஒட்டுப்பசை படிந்த விரலைச் சேலையில் துடைத்தாள். மூட்டை அண்ணனிடம் மனதுக்குள்ளேயே ஒரு மன்னிப்புக் கேட்டாள். சொல்வதையும் தயார் செய்துகொண்டாள். உன் சட்டை, பேரை உரிக்கச் சொல்லி, என் கையில இருக்குடா. ஏன்னு கேக்காத, கோச்கிட்டப் போகாத, அவங்களுக்குச் சரின்னு மட்டும் சொல்லு. இதற்குமேல் எதையும் ஒளிக்கப்போவதில்லை. ஒளித்ததே போதும்.

தம்பியின் எண்ணை அழுத்தினாள்.

பிரஸ்ஸின் மேல் அப்பாவின் பெயர் ஓர் எழுத்து குறைந்து கிடந்தது. போனைக் காதோடு அழுத்தியபடி அவள் சூட்டை அணைத்தாள். மணி போனது. எடுத்துவிடுவான், அக்காவின் போனை அவன் எடுக்காமல் விட்டதில்லை. விட்டது இன்றைக்கு அவள்தான். அடித்து ஓய்ந்தது. திரும்ப அழுத்தினாள். பயிற்சியில் இருப்பானோ. இல்லை, வெளியூர்க்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தால் வேறு சத்தமல்லவா வரும். ஒருவேளை பேசி முடித்துவிட்டு, போனை பெஞ்சில் போட்டுவிட்டு, சந்தோஷமாகக் கூடைக்கு எறிந்துகொண்டிருக்கிறானோ.

"எடுடா," என்றாள் பாதி இறங்கிய ஷட்டரைப் பார்த்து.

மணி போய்க்கொண்டே இருந்தது.